டேங்க் சுவத்துல இன்னும் நாலு வரி எழுதுங்க: மூணு மாவட்ட கலெக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட கலெக்டர்களுக்கு வணக்கம்.

மூணு பேருக்கும் சேத்து ஒரே லெட்டரா எழுதுறதுக்கு கோவிச்சுக்காதீங்க. 2019 நவம்பர் வரைக்கும் நாம எல்லாம் ஒரே மாவட்டம்தான், அதுக்கும் முன்னாடி திருவண்ணாமலையையும் சேத்து வடாற்காடுன்னு ஒரே பேரு, இப்ப ஆபீஸ் மூணாயிடுச்சு, ஆனா பாறைக்கடியில இருக்கிற தண்ணி எல்லைக்கல்லு பாத்து நிக்கறதில்ல. பாலாறும் அப்படித்தான், அது ஓடுற வருஷத்துல.

திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல உங்க டேபிள்ல மனு எவ்ளோ குவியும்னு தெரியும், அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ஊர்ல இருக்கிற மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி சுவத்துல கொள்ளளவு இத்தனை லிட்டர், சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்யும் நாள்னு நீல பெயிண்ட்ல எழுதியிருப்பாங்க இல்லியா, அதுக்குக் கீழயே இன்னும் நாலு வரி எழுதச் சொல்லுங்க. கடைசியா தண்ணி டெஸ்ட் பண்ண தேதி, ஃப்ளோரைடு எவ்வளவு, நைட்ரேட்டும் இரும்பும் எவ்வளவு, டேனரி, அதாவது தோல் பதனிடற ஆலை, பக்கத்து ஊரா இருந்தா குரோமியம் எவ்வளவு. அவ்ளோதான் கோரிக்கை. இதுக்கு புது ஸ்கீம் வேணாம், புது ஃபண்டும் வேணாம்.

இத கேக்கறதுக்கு நீ யாருன்னு கேட்டா, நான் குடியாத்தம் பக்கம் மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கேன். டாக்டர் கெடையாது, பார்மசி படிச்சவன். ஆனா ஜனங்க உடம்பு பத்தி மனசுல இன்னா நெனைக்கறாங்கன்னு டாக்டருக்கு தெரியறதுக்கு முன்னாடி கவுன்ட்டர்ல நிக்கற எங்களுக்கு தெரிஞ்சுடும். இப்ப சீட்டே இல்லாம வந்து கேக்கற ஐட்டத்துல தலைவலி மாத்திரைக்கு அடுத்தது இந்த மல்டிமினரல் மாத்திரைங்கதான். "அண்ணே, கை காலெல்லாம் அசதியா கீது, நல்ல சத்து மாத்திரையா ஒண்ணு குடுண்ணே." எது நல்லதுன்னு கேட்டா விலை அதிகமா இருக்கறதுதான் நல்லதுன்னு அவங்களே முடிவு பண்ணி எடுத்துட்டு போயிடுவாங்க. அட்டைக்குப் பின்னாடி திருப்பிப் பாத்தா ஜிங்க், காப்பர், செலினியம், மாங்கனீஸ், குரோமியம், அயோடின், மாலிப்டினம்னு பொடி எழுத்துல ஒரு பட்டியலே இருக்கும்.

இதெல்லாம் உடம்புக்கு வேணுமான்னா வேணும்தான், ஒண்ணு ரெண்டத் தவிர. ஆனா எவ்ளோ வேணும்ங்கறதுல இருக்கு சூட்சமம். வளந்த ஆள் ஒருத்தர் உடம்பு முழுக்க தேடினாலும் இரும்பு 3, 4 கிராம்தான் தேறும், ஜிங்க் 2, 3 கிராம், காப்பர் சுமார் 100 மில்லிகிராம், அயோடின் 15லருந்து 20 மில்லிகிராம், அதுலயும் முக்காவாசி கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பியிலயே போய் உக்காந்துக்கும். கோபால்ட் அத விடவும் கம்மி, அதுவும் வைட்டமின் பி12க்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. சாம்பார்ல பெருங்காயம் மாதிரி, இல்லன்னாலும் தெரியும், ஒரு கட்டி ஜாஸ்தியா விழுந்தாலும் தெரியும்.

ஜிங்க்கையே எடுத்துக்கங்க. அது மனுஷனுக்கு அவசியம்னு உலகத்துக்கு தெரிஞ்சே ரொம்ப காலம் ஆகல. பீகார்ல பொறந்த ஆனந்த பிரசாத்னு ஒரு டாக்டர், ஈரான்ல ஷிராஸ்ல வேலை பாத்தப்போ 21 வயசு ஆள் ஒருத்தர் வந்திருக்கார், பாக்க பத்து வயசு பையன் அளவுதான் இருந்திருக்கார், மீசை இல்ல, பருவமே வரல. சாப்பாடு பூராவும் ரொட்டி, கூடவே மண்ணு தின்ற பழக்கம் வேற. தானியத்துல இருக்கிற பைட்டேட்னு ஒரு சமாச்சாரம் ஜிங்க்க உடம்புல சேரவிடாம புடிச்சு வெச்சுக்குது. 1961ல அத பத்தி எழுதினாரு, அப்புறம் எகிப்துல ஆராய்ச்சி பண்ணி இது ஜிங்க் கொறைச்சல்னு காட்டினாங்க. இன்னிக்கு குழந்தைக்கு பேதின்னா ஓ.ஆர்.எஸ். கூட ஜிங்க் மாத்திரை 14 நாள் குடுன்னு சொல்றது அந்த வழியில வந்ததுதான். ஆரம்ப சுகாதார நிலையத்துல ஃப்ரீயாவே தர்றாங்க. ஆனா பேதி மூணாவது நாள் நின்னதும் அம்மாமாருங்க மாத்திரையையும் நிறுத்திடறாங்க, மிச்சம் 11 நாள் மாத்திரை அலமாரியில கெடக்கும், அடுத்த பேதிய தடுக்கறதே அந்த மிச்ச நாள் மாத்திரைதான்னு யாரும் அவங்களுக்கு எடுத்து சொல்றதில்ல.

இன்னொரு பக்கம், கொரோனா வந்தப்போ எதிர்ப்பு சக்திக்குன்னு 50 மில்லிகிராம் ஜிங்க் மாத்திரைய வாங்க ஆரம்பிச்சவங்க அத வருஷக்கணக்கா நிறுத்தவே இல்ல. நாள் கணக்குல வளந்தவங்களுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல வேணாம்னு ஒரு உச்சவரம்பு இருக்கு. அதிகமா ஜிங்க் போய்க்கிட்டே இருந்தா காப்பர உடம்பு உறிஞ்சறது கொறைஞ்சுடும், காப்பர் கொறைஞ்சா உடம்புல இருக்கற இரும்ப எடுத்து ரத்தத்துக்கு உபயோகப்படுத்த முடியாது, கடைசியில ரத்தசோகைல வந்து நிக்கும், அதுக்கு ஒரு டானிக்க வாங்க மறுபடி எங்க கடைக்கே வருவாங்க. வியாபாரம் நல்லாத்தான் இருக்கு, என்னமோ மனசுதான் கேக்க மாட்டேங்குது.

நான் உங்களுக்கு எழுதுற காரணம் இங்கதான் வருது. மாத்திரைல எத்தனை மைக்ரோகிராம் இன்னா இருக்குன்னு அட்டைல அச்சடிக்கணும்னு சட்டம் இருக்கு. அந்த மாத்திரைய முழுங்கறதுக்கு ஒரு சொம்பு தண்ணி குடிக்கறோமே, அதுல இன்னா இருக்குன்னு எங்கயும் எழுதல. மாத்திரை ஒண்ணு, தண்ணி ஒரு நாளைக்கு மூணு லிட்டர், வேலூர் வெயிலுக்கு நாலு கூட ஆகும்.

அந்த அட்டைல இருக்கற குரோமியத்துக்கு வரேன், ஏன்னா இது நம்ம மாவட்டத்து கதை. சுகர் கொறையும்னு சொல்லி குரோமியம் பிக்கோலினேட் மாத்திரை விக்குது, வாங்கறாங்க. ஒரு காலத்துல குரோமியம் உடம்புக்கு அவசியம்னுதான் புஸ்தகத்துல போட்டிருந்தாங்க, ஐரோப்பிய உணவு பாதுகாப்பு ஆணையம் 2014ல பாத்துட்டு அவசியம்ங்கறதுக்கே போதுமான ஆதாரம் இல்லன்னு சொல்லிடுச்சு. சரி, குரோமியத்துல முக்கியமா ரெண்டு வகை, மாத்திரைல இருக்கறது மூணாம் நிலை குரோமியம், உடம்பு இத பெருசா உள்ள விடறதும் இல்ல. டேனரியில தோல் ஊற வைக்கற உப்புல இருக்கறதும் இதே வகைதான். அதுவே ஆறாம் நிலை ஆச்சுன்னா ஆளே வேற. பாக்கறதுக்கு சல்ஃபேட் போல இருக்கறதால செல்லு ஏமாந்து கதவ தொறந்து விட்டுடும், உள்ள போய் மறுபடி மூணாம் நிலைக்கு மாறுறப்பதான் டி.என்.ஏ.வ போட்டு ஒடைக்கும். உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி பிரிவு இத முதல் பட்டியல்ல, அதாவது புற்றுநோய் வரவைக்கறது நிச்சயம்ங்கற பட்டியல்ல வெச்சிருக்கு. மண்ணுல இருக்கற மாங்கனீஸ் ஆக்சைடு மூணாம் நிலைய ஆறாம் நிலையா மாத்தவும் செய்யும். ஆக டேனரி கழிவு மண்ணுல கெடந்தா அது அதே வகையாவே இருக்கும்னு உத்தரவாதம் கெடையாது.

ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு குரோமேட் கம்பெனி விட்டுட்டு போன கழிவு ஒண்ணரை லட்சம் டன்னுக்கு மேல. கம்பெனிய மூடி கால் நூற்றாண்டு தாண்டிடுச்சு, 2006ல அமெரிக்காவுல இருக்கற பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் உலகத்துலயே ரொம்ப மாசுபட்ட பத்து எடத்துல ஒண்ணுன்னு நம்ம ராணிப்பேட்டை பேர போட்டாங்க. இது எல்லாமே உங்க ஃபைல்ல இருக்கும், நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல. நான் கேக்கறது வேற, குடிதண்ணியில குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு இந்திய தர நிர்ணயம் சொல்லுது, வேற வழியில்லன்னா கொஞ்சம் கூட இருக்கலாம்ங்கற சலுகையும் அதுக்கு கெடையாது, அப்ப வாலாஜா, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து ஊர்க்காரன் அவன் தெரு டேங்க்ல அந்த நம்பர் இன்னான்னு தெரிஞ்சுக்க எங்க போகணும்? டேனரிய திட்டறதுக்கு இத எழுதல. எங்க கடைக்கு வர்றவங்கள்ல பாதி பேருக்கு சோறு போடறது தோலும் ஷூவும்தான், அந்த ஜனங்க குடிக்கறதும் அந்த தண்ணிதான்.

1996 ஆகஸ்ட் 28ல உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்பு ஒண்ணு இருக்கு, வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட கேஸ். மாசு பண்றவன் காசு கட்டணும், சந்தேகம் இருந்தாலே முன்கூட்டி தடுக்கணும்ங்கற ரெண்டு கொள்கையும் இந்திய சட்டத்துல பாகம்னு அந்த தீர்ப்புதான் உறுதியா சொல்லுச்சு, நாடு முழுக்க லா காலேஜ் பசங்க நம்ம ஊர் பேர சொல்லித்தான் அத படிக்கறாங்க. 2025 ஜனவரியிலயும் பாலாறு டேனரி விஷயமா உச்ச நீதிமன்றம் திரும்ப தீர்ப்பு சொல்லியிருக்கு. நாட்டுக்கே சட்டம் வாங்கிக் குடுத்த ஊர்ல ஒரு டேங்க் சுவத்துல நம்பர் எழுத முடியலன்னா நல்லாவா இருக்கு?

சரி, நம்பர் எழுதலன்னா அந்த எடம் சும்மா காலியா இருக்குமான்னா இருக்காது. போன வருஷம் எங்க தெருவுக்கு ஆர்.ஓ. மெஷின் விக்கற தம்பி ஒருத்தர் வந்தார், டை எல்லாம் கட்டிக்கிட்டு. என் கடை வாசல்லயே ஸ்டூல் போட்டு ரெண்டு கண்ணாடி டம்ளர் வெச்சார், ஒண்ணுல நம்ம பஞ்சாயத்து தண்ணி, இன்னொண்ணுல அவர் கொண்டு வந்த ஆர்.ஓ. தண்ணி. ரெண்டுலயும் கம்பி கம்பியா இருக்கற ஒரு கருவிய விட்டு பிளக்க போட்டார். அரை நிமிஷம்கூட ஆகல, பஞ்சாயத்து தண்ணி கொழகொழன்னு காப்பிக்கலர்ல திரிஞ்சு பச்சையும் கருப்பும் மேல மெதக்குது, ஆர்.ஓ. தண்ணி அப்படியே பளிச்சுன்னு நிக்குது. சுத்தி நின்ன பொம்பளைங்க "ஐயய்யோ, இதையா இத்தினி நாளு குடிச்சோம்"னு வாய பொத்திக்கிட்டாங்க. நான் உள்ள போய் ஒரு சிட்டிகை கல்லுப்பு எடுத்து வந்து அவரோட ஆர்.ஓ. டம்ளர்ல போட்டு, இப்ப பிளக்க போடுங்க தம்பின்னேன். அதுவும் காப்பிக்கலர் ஆச்சு, சொல்லப்போனா இன்னும் கெட்டியா. அந்த கருவியில ஒரு கம்பி அலுமினியம், ஒரு கம்பி இரும்பு. தண்ணியில உப்பு இருந்தா கரண்ட் பாயும், கரண்ட் பாஞ்சா இரும்புக் கம்பி கரைஞ்சு துருவா வெளிய வரும். உப்பே இல்லாத தண்ணியில கரண்ட் போகாது, அதனால ஒண்ணும் ஆகாது. தண்ணியில இருந்து அழுக்கு வரல, கம்பியில இருந்து துரு வருது. தம்பி சிரிச்சுக்கிட்டே மூட்டை கட்டிட்டார், அவரும் டார்கெட்டுக்கு ஓடற புள்ளதான், ஆனா அடுத்த தெருவுல மூணு மெஷின் வித்துட்டுதான் போனார்.

கேன் தண்ணி கடையில டி.டி.எஸ். மீட்டர் ஒண்ணு வெச்சிருக்காங்க, பேனா சைஸ்ல. அத விட்டு 40னு காட்டி சூப்பர் தண்ணின்னு சொல்றாங்க. அந்த மீட்டருக்கு தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், தண்ணியில கரண்ட் எவ்ளோ ஈஸியா போகுதுங்கறது. மொத்த உப்ப தோராயமா சொல்லும். 600 காட்டற போர் தண்ணியில ஃப்ளோரைடு அரை மில்லிகிராமா இருந்தாலும் சரி, மூணா இருந்தாலும் சரி, மீட்டர் அதே 600தான் காட்டும். குரோமியம் 0.05 தாண்டினா அதுக்கு மோப்பமே தெரியாது. ஆக கெடுதல் பண்ற பொருள் அந்த மீட்டருக்கு தெரியாது, மீட்டர் கொறைச்சு காட்டணும்னு நாம எடுத்து கழுவி ஊத்தறது கால்சியமும் மக்னீசியமும். 500க்கு கீழ டி.டி.எஸ். இருக்கற எடத்துல ஆர்.ஓ. தேவையில்லன்னு 2019லயே தேசிய பசுமை தீர்ப்பாயம் சொல்லியாச்சு. இதுக்காக ஆர்.ஓ.வே வேணாம்னு சொல்லல, ஃப்ளோரைடு நெஜமாவே அதிகமா இருக்கற ஊர்ல ஆர்.ஓ. நல்லாவே வேலை செய்யும், வாங்கித்தான் ஆகணும். எந்த ஊருக்கு வேணும் எந்த ஊருக்கு வேணாம்ங்கறத முடிவு பண்ண நம்பர் வேணும், அந்த நம்பர்தான் உங்ககிட்ட இருக்கு.

ஃப்ளோரைடு பத்தி கொஞ்சம் நின்னு பேசணும். நம்மளது பாறை நாடு, கிரானைட்டு. அந்த பாறையில பயோடைட், அபடைட்னு கனிமம் இருக்கு, தண்ணி அதுமேல வருஷக்கணக்கா ஊறி உக்காந்தா ஃப்ளோரைடு கரைஞ்சு வந்துடும், போர் ஆழம் போகப்போக பொதுவா ஊறல் ஜாஸ்தி. குடிதண்ணியில லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லன்னா 1.5 வரைக்கும் போகலாம்னு தரம் இருக்கு. கொதிக்க வெச்சா போயிடும்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாத்தான் ஆகும். எலும்ப இறுக்கற ஃப்ளோரோசிஸ் இந்தியாவுல இருக்குன்னு மொத மொதல்ல டாக்டருங்க 1937ல எழுதினதே நெல்லூர் பக்கத்து ஜனங்கள பாத்துதான், அப்ப அவங்களும் நாமளும் ஒரே மெட்ராஸ் மாகாணம். தர்மபுரி கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் கொண்டு வந்ததே இந்த ஃப்ளோரோசிஸுக்காகத்தான், திட்டத்து பேர்லயே அது இருக்கு. ஜவ்வாது மலைக்கு இந்தப் பக்கம் நாம அத பத்தி பேசறதே கம்மி.

கடைக்கு ஒரு அம்மா அவங்க பையன கூட்டிட்டு வருவாங்க, பல்லு வெள்ளையாகற பேஸ்ட் வேணும்னு. ஒண்ணு போட்டு பாத்து சரியாகலன்னு வேற கம்பெனி, அதுவும் சரியாகலன்னு கரிப் பொடி. ஈன்னு காட்டுறா ராஜான்னு சொன்னா பையன் வெக்கப்பட்டுக்கிட்டே காட்டறான், ரெண்டு முன்பல்லுலயும் ஒரே ஒசரத்துல குறுக்கால காப்பிக்கலர் கோடு, சுத்தி சுண்ணாம்பு அடிச்ச வெள்ளைத் திட்டு. அழுக்கா இருந்தா ஈறு ஓரமா படியும், இப்படி ரெண்டு பல்லுலயும் ஜோடியா குறுக்க வராது. எட்டு வயசுக்குள்ள ஈறுக்குள்ள பல்லு உருவாகறப்பவே ஃப்ளோரைடு புகுந்து எனாமல கெடுத்து வெச்சுட்டது, எந்த பேஸ்ட்டும் அத எடுக்காது. பல் டாக்டர பாருங்கம்மான்னு அனுப்பறேன், ஆனா அவங்க கேக்கற கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல: "சின்னவனுக்கும் வருமாண்ணா?" தண்ணியில எவ்ளோ இருக்குன்னு தெரிஞ்சாதானே சொல்ல முடியும். சின்னவனுக்கு மூணு வயசு, இப்ப தண்ணிய மாத்தினா அவன் பல்லு பெரும்பாலும் தப்பிக்கும், நாலு வருஷம் கழிச்சு நம்பர் தெரிஞ்சு ஒரு பிரயோஜனமும் இல்ல.

பெரியவங்களுக்கு இடுப்பு வலி, கழுத்து இறுக்கம். குனிஞ்சு காலத் தொட முடியுதா, தாடைய நெஞ்சுல வெக்க முடியுதா, ரெண்டு கையையும் பின்னந்தலைக்கு கொண்டு போக முடியுதான்னு மூணே மூணு சோதனைய வெச்சு சந்தேகப்படலாம்னு அரசாங்க ஃப்ளோரோசிஸ் திட்டத்துலயே சொல்லியிருக்காங்க. தறி ஓட்டறவங்க, பீடி சுத்தறவங்க, ஷூ கம்பெனிக்கு போறவங்கன்னு எங்க பக்கம் முதுகு வலி இல்லாத வீடு கெடையாது, எல்லா வலியும் ஃப்ளோரைடுன்னு சொல்ல நான் பைத்தியமில்ல. ஆனா எது வேலையால, எது தண்ணியாலன்னு பிரிச்சு பாக்கறதுக்கு மொதல்ல வேண்டிய ஒரே தகவல் இல்லாம வலி மாத்திரையா முழுங்கி கிட்னிய கெடுத்துக்கறாங்க, அத நான் தெனமும் பாக்கறேன்.

டெஸ்ட்டே நடக்கலன்னு சொன்னா அது பொய்யாயிடும். ஜல் ஜீவன் திட்டத்துல ஒவ்வொரு ஊர்லயும் அஞ்சு பொம்பளைங்களுக்கு ட்ரெயினிங் குடுத்து கிட் குடுக்கணும்னு இருக்கு. எங்க ஊர் அக்கா ஒருத்தங்க பண்றத பக்கத்துல நின்னு பாத்தேன். சின்ன குப்பியில கோடு வரைக்கும் தண்ணி புடிச்சு, மருந்து சொட்டு விட்டு, மூடிப் போட்டு குலுக்கி, வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு கலர் அட்டையோட ஒத்துப் பாக்கறாங்க. ரோஸ் கலர்லயே நின்னா ஃப்ளோரைடு கம்மி, ஏற ஏற ரோஸ் வெளுத்து ஆரஞ்சாகி மஞ்சளுக்கு போயிடும். பள்ளிக்கூடத்து போர் தண்ணி ரோஸ்ல நின்னுச்சு, கோயில் பக்கத்து போர் கிட்டத்தட்ட மஞ்சள். ரெண்டு போருக்கும் நடுவுல ஒரு தெருதான் தூரம். அக்கா போன்ல ஏத்தினாங்க, முடிஞ்சுது. கோயில் பக்கத்து குழாயில அன்னிக்கு சாயங்காலமும் குடம் வரிசையாத்தான் நின்னுச்சு, ஏன்னா போன்ல ஏறினது யாருக்கும் தெரியாது, இங்கிலீஷ்ல இருக்கற வெப்சைட்ட திறந்து நம்ம ஊர தேடிப் பாக்கற பழக்கம் குடம் தூக்கறவங்களுக்கு இல்ல. குடிநீர் வடிகால் வாரியத்து லேப் ரிப்போர்ட்டும் இப்படித்தான், ஊராட்சி ஆபீஸ் ஃபைலோட சரி. கிட்ல குரோமியம் வராது, அது லேப்லதான் பாக்கணும், அதனால டேனரி சுத்துப்பட்டு ஊர்களுக்கு அத தனியா எடுத்து பாக்கச் சொல்லுங்க.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. காவிரி கூட்டுக் குடிநீர் வர்ற நாள்ல டேங்க்ல காவிரி, வராத நாள்ல அதே டேங்க்ல போர் தண்ணி, சில நாள் ரெண்டும் கலந்து. அதனால எழுதறப்ப எந்த தண்ணிய டெஸ்ட் பண்ணதுங்கறதையும் சேத்து எழுதணும், இல்லன்னா காவிரி தண்ணி நம்பர எழுதி வெச்சுட்டு வருஷம் பூரா போர் தண்ணி குடிப்போம். கலக்கறது ஒண்ணும் தப்பில்ல, ஃப்ளோரைடு அதிகமான தண்ணிய நல்ல தண்ணியோட கலந்து அளவ கொறைக்கறது நல்ல வழிதான், ஆனா அளந்து கலக்கணும்.

நம்பர எழுதினா ஜனங்க பீதியாயிடுவாங்க, மறியல் பண்ணுவாங்கன்னு உங்க அதிகாரிங்க சொல்லுவாங்க. சொல்லட்டும். ரேஷன் அரிசி கதைய யோசிச்சு பாருங்க. செறிவூட்டின அரிசின்னு சொல்லி, இரும்பு, ஃபோலிக் ஆசிட், பி12 சேத்து அரிசி மாவுல செஞ்ச மணிய 100க்கு 1ங்கற கணக்குல கலந்து குடுக்க ஆரம்பிச்சாங்க, கிலோவுக்கு 28லருந்து 42.5 மில்லிகிராம் இரும்பு. நல்ல திட்டம்தான், தமிழ்நாட்டுல பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை இருக்கறப்போ வேண்டியதும்தான். ஆனா கடையில யாரும் ஜனங்களுக்கு வெளக்கமா சொல்லல, மூட்டைல போட்டிருக்கறத யாரும் படிக்கல. அரிசி களையறப்ப கொஞ்சம் மணி மெதந்துச்சு, கலரும் கொஞ்சம் வித்தியாசம், உடனே பிளாஸ்டிக் அரிசின்னு வாட்ஸப்ல வீடியோ ஓடுச்சு. எத்தனையோ வீட்டுல இன்னிக்கும் மொறத்துல போட்டு அந்த மணிய ஒவ்வொண்ணா பொறுக்கி வெளிய போட்டுட்டுத்தான் உலை வெக்கறாங்க. ரத்தம் ஊறணும்னு அரசாங்கம் காசு குடுத்து சேத்தத கோழி தின்னுது. அப்புறம் அதே வீட்டுல இருந்து என் கடைக்கு வந்து இரும்பு டானிக் வாங்கறாங்க, வாங்கினத டீ குடிச்ச கையோட குடிக்கறாங்க, டீ அதையும் சேரவிடாது. சொல்லாம விட்டதாலதான் பீதியே வந்துச்சு.

பங்களாதேஷ்ல ஆழ்குழாய் தண்ணியில ஆர்சனிக் இருக்குன்னு தெரிஞ்சப்போ, கிட்டத்தட்ட 50 லட்சம் குழாய டெஸ்ட் பண்ணி, அளவுக்கு மேல இருந்தா சிவப்பு பெயிண்ட், கீழ இருந்தா பச்சை பெயிண்ட் அடிச்சு விட்டாங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரிஞ்சுது. நெறைய பேர் சிவப்பு குழாய துணி தொவைக்க வெச்சுக்கிட்டு குடிக்க மட்டும் பக்கத்து வீட்டு பச்சை குழாய்க்கு போனாங்க. நம்மள விட ஏழை நாடு, நம்மள விட பெரிய பிரச்சனை. எங்க ஊர்லயும் கோயில் குழாய்ல சிவப்பு அடிச்சா ஜனங்க ஒரு தெரு தாண்டி பள்ளிக்கூடத்து குழாய்ல புடிச்சுப்பாங்க, அதுக்கு மறியல் எதுக்கு?

நடைமுறைக்கு நான் யோசிச்சத சொல்றேன், உங்களுக்கு தோதா மாத்திக்கங்க. தேதி, எந்த தண்ணி, ஃப்ளோரைடு இவ்ளோ, 1.5க்குள்ள இருக்கணும். நைட்ரேட் இவ்ளோ, 45க்குள்ள இருக்கணும். இரும்பு இவ்ளோ, 1க்குள்ள இருக்கணும். குரோமியம் இவ்ளோ, 0.05க்குள்ள இருக்கணும். இருக்க வேண்டிய அளவையும் கூடவே எழுதினாத்தான் எட்டாவது படிக்கற புள்ளகூட ஒப்பிட்டு பாத்து பாட்டிக்கு சொல்லும். அளவு தாண்டின குழாய்க்கு சிவப்பு. தமிழ்ல, தூரத்துல இருந்து தெரியற எழுத்துல. ஊராட்சி செயலர் எழுதட்டும், டெஸ்ட் பண்ண அக்கா பக்கத்துல நின்னு சரி பாக்கட்டும், மழைக்கு முன்னாடி ஒரு தடவ, கோடையில ஒரு தடவ மாத்தட்டும். நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துக்கும் மார்ச் 22 தண்ணி தினத்துக்கும் கிராம சபை கூடுது இல்லியா, அந்த ரெண்டு நாள் கூட்டத்துல இந்த நம்பர தீர்மான நோட்டுல படிச்சுட்டுத்தான் மத்த விஷயத்துக்கு போகணும்னு ஒரு சுற்றறிக்கை அனுப்பினீங்கன்னா போதும். மாநகராட்சி வார்டுக்கும் இதேதான், சத்துவாச்சாரியிலயும் காட்பாடியிலயும் அபார்ட்மென்ட் சம்புக்கு யார் டெஸ்ட் பண்றாங்கன்னே யாருக்கும் தெரியல.

இப்படிக்கு,
குடியாத்தம் பக்கத்துல மெடிக்கல் ஷாப் நடத்தற ஒருத்தன்

பின்குறிப்பு: உப்பு விஷயத்தையும் உணவு பாதுகாப்பு அலுவலர் காதுல போட்டு வைங்க. 2018-19 அயோடின் சர்வேயில போதுமான அயோடின் இருக்கற உப்பு உபயோகிக்கற வீடு இந்தியாவுல 76.3 சதவீதம், தமிழ்நாட்டுல 61.9, அதாவது நாடு முழுக்க நாமதான் கடைசி, இத்தனைக்கும் தூத்துக்குடியும் வேதாரண்யமும் நம்மகிட்டதான் இருக்கு. எங்க பக்கம் மூட்டைல வர்ற கல்லுப்பும், இப்ப புதுசா ஃபேஷனாயிட்ட இந்துப்பும்தான் பாதி வீட்டுல. மாசமா இருக்கற பொண்ணுக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேணும், அது கெடைக்கலன்னா பாதிக்கறது வயித்துல இருக்கற புள்ளயோட மூளைய. உப்புல சொட்டு விட்டா நீலமாகற டெஸ்ட் கிட் ஒண்ணு இருக்கு, ரொம்ப சல்லிசு. அங்கன்வாடியில சீமந்தம் நடத்தறப்போ அவங்கவங்க வீட்டு உப்ப ஒரு ஸ்பூன் பேப்பர்ல மடிச்சு எடுத்துட்டு வரச் சொல்லி அங்கயே சொட்டு விட்டு காட்டச் சொல்லுங்க. நீலம் வரலன்னா மாமியாரே அன்னிக்கு சாயங்காலம் உப்ப மாத்திடுவாங்க.